உடற்கல்விப் பட்டம்: ஏழைப் பிள்ளைகள் எதைப் பார்த்துச் சேர வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எதில் சேர்ப்பது? மதிப்பெண் நிரம்ப வாங்கிய பிள்ளைக்கு யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். டாக்டர், என்ஜினீயர், ஆடிட்டர் என்று பட்டியல் நீளும். ஆனால், பாடத்தில் சுமாராகவும் மைதானத்தில் முதலாகவும் நிற்கும் பிள்ளைக்கு யோசனை சொல்வார் எவருமில்லை. அவனாகவே துணிந்து, "நான் உடற்கல்வி படிக்கிறேன்" என்று சொன்னால், "ஏம்ப்பா, பந்தடிக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். "பணத்தைக் கட்டுங்கள், சர்க்கார் உத்தியோகம் தானாக வரும்" என்று ஆசை காட்டும் தரகர்கள் மறு பக்கம்.

இந்த இரு சாராரையும் நம்ப வேண்டியதில்லை. உடற்கல்வி சிரிக்கத்தக்க படிப்பும் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு சேரத்தக்க படிப்பும் அல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறான கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஓர் ஆண்டு வீண். அடுத்த ஆண்டு வேறொன்றில் சேர்ந்துகொள்வான். கூலி வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. அவனுக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு தடவை செய்யும் காரியம். ஆகையால், எதைப் பார்த்து, எதைக் கேட்டு அவன் சேர வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே யோசிப்பது நல்லது.

அடி மூட்டையைப் பார்க்கும் ஊர்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி என்றதும் வெளியூரார்க்குக் கவிஞர் வைரமுத்துவும் பூண்டுச் சந்தையும் நினைவுக்கு வரும். பூம்பாறை, மன்னவனூர் என்று கொடைக்கானல் மலைக் கிராமங்களில் விளையும் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பூண்டும் வடநாட்டுப் பூண்டும் கூடுகிற இடம் இவ்வூர்ச் சந்தை. பூண்டு மொத்த வியாபாரிகளுக்கு லாபம் தருகிறது. மூட்டை தூக்குகிறவருக்கும், தாள் கிள்ளித் தரம் பிரிக்கிற பெண்களுக்கும் அன்றன்றைய கூலியைத் தருகிறது. அந்தக் கூலியில்தான் பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதுமே இப்படித்தான். திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம், மலைமேல் ஏலத் தோட்டம் என்று தொழிலின் பெயர் மாறலாம். வாரக் கூலியின் கணக்கு மாறுவதில்லை.

இந்த வீடுகளில் ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கபடியும் கைப்பந்தும் இல்லாத ஊர் இப்பக்கத்தில் ஏது? பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி விளையாட்டுக் கழகத்தார் கோடை தோறும் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகிறார்கள். ராணுவ அணியும் வங்கி அணியும் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருகிற பையன், தானும் அப்படி ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசையைப் படிப்பாகவும், படிப்பை ஜீவனமாகவும் மாற்றுவது எப்படி என்பதுதான் கேள்வி.

வடுகபட்டிச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. அனுபவமுள்ள வியாபாரி மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேச மாட்டார். கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலு பூண்டை எடுத்து, நசுக்கிப் பார்த்துத்தான் பேசுவார். கல்லூரியைப் பார்ப்பதும் அப்படியே இருக்க வேண்டும். வாசலில் அடுக்கியிருக்கும் வெற்றிக் கோப்பைகள் மூட்டையின் வாய். அங்கே சேர்ந்த மிக ஏழையான மாணவன் என்ன ஆனான் என்பது மூட்டையின் அடி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது.

நூறாண்டுப் படிப்பு

முதலில் இந்தப் படிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்நாட்டில் தேகப் பயிற்சியை ஒரு முறையான கல்வியாக்கிய முதல் முயற்சிகளில் அது தலையாயது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியை அழைத்துப் போனவரும் இதே பக் துரைதான். நந்தனத்தில் இன்றும் நடக்கிற அக்கல்லூரிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி 1956-இல் தோன்றியது. மறு ஆண்டே, 1957-இல், குவாலியரில் மத்திய அரசு லட்சுமிபாய் கல்லூரியை நிறுவியது. தமிழ்நாடு அரசு 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனியாக ஒரு பல்கலைக்கழகத்தையே அமைத்தது. அது சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது.

நூறாண்டாகக் கற்பிக்கப்படுகிற ஒரு படிப்பை 'பந்தடிக்கிற படிப்பு' என்று தள்ளிவிட முடியாது. உடற்கூறியல், உடலியங்கியல், அசைவியல், விளையாட்டு உளவியல், அளவீடு, நிர்வாகம் என்று அதில் பாடங்கள் உண்டு. எந்த வயதுப் பிள்ளையை எவ்வளவு ஓட விடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்லவா?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்றுப் பிழைத்த தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு. சிறு வயதில் விபத்தில் ஒரு கால் ஊனமுற்றது. அவரிடம் உயரம் தாண்டும் திறமை இருப்பதைக் கண்டு ஊக்கம் கொடுத்தவர் அவருடைய பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி அவர் தங்கம் வென்றார். அந்த ஆசிரியர் அப்பள்ளியில் இல்லாமற் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எத்தனை ஆண்டு, என்ன பட்டம்?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு படிப்பது பி.பி.இ.எஸ். அல்லது பி.எஸ்ஸி. உடற்கல்வி. இது ஒரு பட்டம்தான்; ஆனால், இது மட்டும் ஒருவரைப் பள்ளி ஆசிரியராக்கிவிடாது. ஆசிரியர் பணிக்கு வேண்டியது பி.பி.எட். தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 2014-இல் வெளியிட்ட விதிகளின்படி அது ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகு படிக்கிற இரண்டாண்டுப் படிப்பு. அதற்கு மேல் எம்.பி.எட். இரண்டாண்டு. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமானால் அதற்கும் மேலே தகுதித் தேர்வு அல்லது ஆராய்ச்சிப் பட்டம் வேண்டும்.

ஆகவே, "மூன்று வருஷத்தில் வாத்தியார் ஆகிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அது முழு உண்மையல்ல. மூன்றும் இரண்டும் ஐந்து. இந்த ஐந்தாண்டின் கணக்கை ஏழை வீடு வேறு விதமாகப் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, பையன் வேலைக்குப் போனால் நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி, மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய் ஆகிறது. ஐந்தாண்டுக்கு 4,80,000 ரூபாய். கல்லூரிக் கட்டணம் ஒரு காசு இல்லாவிட்டாலும் அந்தக் குடும்பம் இவ்வளவு பணத்தை முதலாகப் போடுகிறது. கல்லூரிக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்; குடும்பம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. பி.பி.எட்.டுக்கு எந்தப் பட்டமும் பெற்றிருக்கலாம். போட்டிகளில் கலந்துகொண்டதற்குச் சான்று வேண்டும். வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய கல்லூரியில் வணிகவியலோ கணிதமோ படித்துக்கொண்டு, கல்லூரி அணியில் ஆடி, சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி, பிறகு இரண்டாண்டு மட்டும் வெளியூர் போகலாம். பெண்களுக்குப் பெரியகுளத்தில் 1971 முதல் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி இருக்கிறது; உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருக்கிறது. இவ்வழியில் செலவு குறையும். அதைவிட முக்கியம், முழங்கால் ஒடிந்து ஆட்டமே நின்றுபோனாலும் கையில் வேறொரு பட்டம் இருக்கும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு கதவு உள்ள வீடே பத்திரமானது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சேருகிற ஆண்டின் விதி என்ன என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

வேலை நிலவரம்

உத்தியோகம் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். 2012-இல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகிய பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. வாரம் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். 2021-இல்தான் அது 10,000 ரூபாய் ஆயிற்று. பட்டம் பெற்றவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2017-இல் உடற்கல்வி ஆசிரியர் இடங்கள் 663-க்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்புச் செய்தது; வழக்குகளால் நியமனம் நெடுநாள் இழுத்துக்கொண்டு போயிற்று. இவற்றையெல்லாம் அறிந்துகொண்டுதான் இப்படிப்பில் இறங்க வேண்டும். சர்க்கார் பள்ளி வேலை ஒன்றையே நம்பி இதைப் படிப்பது, ஒரே மழையை நம்பி விதைப்பது போன்றது.

அப்படியானால் இதைப் படிக்கவே வேண்டாமா? அப்படியல்ல. பள்ளி ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழிகளையும் காட்டுகிற கல்லூரியைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதே பொருள். தனியார் பள்ளிகள், உடற்பயிற்சிக் கூடங்கள், நீச்சல் குளங்கள், யோகப் பயிற்சி, போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் உடல் தகுதிப் பயிற்சி என்று வழிகள் பல. 1961-இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் தரும் பயிற்சியாளர் டிப்ளமாவுக்கு நாடெங்கும் மதிப்பு இருக்கிறது.

அதன் மதிப்புக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதன் பின்பு தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையில் பயிற்சியாளர் டிப்ளமா முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் வேலை பெற்றார். ஓடி வாங்கிய பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். படித்து வாங்கிய சான்றிதழ் அவருக்குச் சோறு போட்டது. ஓடுகிற ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுதான்.

நம் மலையடிவாரமே ஒரு பாடம்

உல்லாசத்துக்காக ஜனங்கள் கூடுகிற இடங்களில் பயிற்சி பெற்ற ஆள் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதைத் தேனி மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று போடி மலையில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 23 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே மலையேற்றத்துக்குக் கடுமையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் நடத்தத் தொடங்கியது.

கும்பக்கரை அருவி, சுருளி அருவி, வைகை அணை, மேகமலை என்று நம்மைச் சுற்றி எத்தனை இடங்கள்! வந்து போகிற கூட்டத்துக்கு நீச்சல் தெரிந்த காவலர், முதலுதவி தெரிந்தவர், மலைப் பாதையில் முன்னே நடக்கத் தெரிந்தவர் தேவை. மேல்நாடுகளில் பூங்கா, முகாம், முதியோர் பொழுதுபோக்கு ஆகியவற்றை நடத்துவதே ஒரு தனிப் பட்டப்படிப்பு. இங்கே அதற்கு நெருங்கிய படிப்பு உடற்கல்விதான். நீச்சல் உயிர்காப்பு, முதலுதவி, மலையேற்றத் தலைமை ஆகியவற்றைச் சான்றிதழோடு கற்றுத் தருகிற கல்லூரி எது என்று தேனி மாவட்டத்துப் பிள்ளை கட்டாயம் கேட்க வேண்டும். அவன் ஊரிலேயே அதற்கு வேலை இருக்கிறது.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

இனிக் கல்லூரி வாசலில் நின்று கேட்க வேண்டியவற்றுக்கு வருவோம்.

முதலாவது, அங்கீகாரம். பி.பி.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? பல்கலைக்கழகத்தோடு இணைப்பு இருக்கிறதா? வெளி மாநிலத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டிலேயே இருந்து பட்டம் வாங்கலாம் என்று சொல்லுகிற தரகரை வாசற்படி ஏறவே விடக் கூடாது. நேரில் போய்ப் படிக்காத பி.பி.எட். செல்லாது.

இரண்டாவது, சாப்பாடு. சரித்திரம் படிக்கிறவன் அரை வயிற்றோடு படித்துத் தேறிவிடலாம். உடற்கல்வி படிக்கிறவனால் முடியாது. காலை ஆறு மணிக்கு மைதானம், மாலையிலும் மைதானம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். விடுதியில் முட்டை உண்டா, பால் உண்டா, காலைப் பயிற்சி முடிந்ததும் உடனே பலகாரம் கிடைக்குமா, மாதச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வடுகபட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டிய மாணவன் தினம் போய் வர முடியாது. ஆகையால், இந்தப் படிப்புக்கு விடுதி வசதி சலுகை அல்ல, அடிப்படை. விடுதிச் சாப்பாட்டைப் பெற்றோர் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பது கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிடப் பிரயோஜனமானது.

மூன்றாவது, முழுச் செலவு. கல்விக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அதற்கு மேல் சீருடை, காலணி, முகாம், போட்டிப் பயணம், தேர்வுக் கட்டணம் என்று வருவனவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஓடும் காலணி ஒரு ஜோடி ஐந்தாண்டுக்கு உழைக்காது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்லூரியில், இவ்வாண்டு எவை எவை கிடைக்கும், விண்ணப்பம் எழுதித் தர அங்கே ஒரு குமாஸ்தா இருக்கிறாரா என்பதே கேள்வி. உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்குப் பொறுத்திருப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. அதை மீறுகிற இடத்தில் மற்ற நியாயங்களையும் எதிர்பார்க்க முடியாது. எது எப்படியானாலும், இப்படிப்புக்காகக் கந்து வட்டிக்குக் கடன் வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

நான்காவது, மொழி. தமிழில் படித்து வந்த பிள்ளை உடற்கூறியலையும் அசைவியலையும் இங்கிலீஷில் எதிர்கொள்கிறான். மைதானத்தில் முதல்வனாக இருப்பவன் பரீட்சை மண்டபத்தில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். முதலாண்டில் தமிழில் விளக்கிச் சொல்லித் தருகிற ஆசிரியர் உண்டா? தமிழில் தேர்வு எழுத அனுமதி உண்டா? மாலையில் தனி வகுப்பு உண்டா?

ஐந்தாவது, காயம். இது உடம்பை வைத்துப் படிக்கிற படிப்பு. முழங்கால் பிசகினால் பார்க்க இயன்முறை மருத்துவர் இருக்கிறாரா? வைத்தியச் செலவு யாருடையது? இன்ஷூரன்ஸ் உண்டா? காயத்தால் மூன்று மாதம் மைதானத்துக்கு வர முடியாதவனுக்கு அந்தப் பருவம் வீணாகுமா, வேறு ஏற்பாடு உண்டா? பணக்கார வீட்டுப் பிள்ளை காயத்தோடு வீட்டுக்குப் போய்க் குணமாகித் திரும்புவான். ஏழைப் பிள்ளை வீட்டுக்குப் போனால் திரும்புவதில்லை.

ஆறாவது, பெண் பிள்ளைகள். பெண் ஆசிரியர் எத்தனை பேர்? உடை மாற்ற அறை, கழிவறை, காவலுள்ள விடுதி இருக்கின்றனவா? வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட வருவது யார்? ஒரு புகார் என்றால் யாரிடம் சொல்வது? இவற்றைக் கேட்கப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் பதில் சொல்ல முடியாதவர்களே. பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பெண் உடற்கல்வி ஆசிரியர் தேவைப்படும்போது, பெண்கள் இப்படிப்புக்கு வருவது ஊருக்கே நன்மை.

ஏழாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் மேலானது. முந்திய ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? உதவித்தொகையில் படித்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? "நூற்றுக்கு நூறு வேலை வாய்ப்பு" என்ற விளம்பரப் பலகை இதற்குப் பதிலாகாது. அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று பேரை, அதிலும் கூலி வீட்டிலிருந்து வந்தவர்களை, நேரில் கண்டு பேச வேண்டும். இடையில் நின்றுபோன ஒருவரையும் கண்டு பேசினால் இன்னும் நல்லது. ஏன் நின்றார் என்பதில் அந்தக் கல்லூரியின் குணம் முழுவதும் தெரிந்துபோகும்.

யார் என்ன செய்யலாம்?

எல்லாப் பொறுப்பையும் கைநாட்டு வைக்கிற தகப்பனார் தலையில் கட்டுவது நியாயமல்ல. பூண்டு மூட்டைக்குத் தரம் பிரிக்கிற முறை இருக்கிறது. புவிசார் குறியீடு கூட வந்துவிட்டது. ஒரு மனிதப் பிள்ளையின் ஐந்தாண்டை வாங்கிக்கொள்கிற கல்லூரிக்கு அந்த மாதிரிக் கணக்கு வேண்டாமா? சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, உதவித்தொகை பெற்றவரில் முடித்தவர் எத்தனை என்ற மூன்று எண்களை ஒவ்வோர் உடற்கல்விக் கல்லூரியும் ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று அரசு கட்டளையிடலாம். இதற்குச் செலவு ஒரு தாள்தான்.

இதைச் சொன்னதும் சிலர், "அப்படிக் கணக்குக் கேட்டால் கல்லூரிகள் ஏழை மாணவரைச் சேர்க்கவே பயப்படும்" என்று ஆட்சேபிக்கலாம். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடித்தவர் எண்ணிக்கையோடு, ஏழை மாணவரை எத்தனை பேர் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிறையப் பேரைச் சேர்த்துப் பாதிப் பேரை நடுத்தெருவில் விடுகிற கல்லூரிக்கும், பத்துப் பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருமை பேசுகிற கல்லூரிக்கும் பாராட்டு வேண்டாம். சேர்க்கவும் வேண்டும், கரை சேர்க்கவும் வேண்டும்.

ஊராரும் செய்யக்கூடியது உண்டு. போட்டிக்குக் கோப்பை வாங்கித் தருகிற வியாபாரப் பெருமக்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பைகளில் ஒன்றைக் குறைத்து, உடற்கல்வி படிக்கப் போகிற ஊர்ப் பிள்ளை ஒருவனுக்கு ஆண்டுக்கு இரண்டு ஜோடி காலணியும் பஸ் செலவும் கொடுத்தால் அந்தப் பணம் கண்ணாடி அலமாரியில் தூசி படியாது. நம் விளையாட்டுக் கழகங்கள் போட்டி நடக்கிற நாட்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, உடற்கல்வி படித்து முன்னேறிய உள்ளூர்க்காரர் ஒருவரைப் பேச வைக்கலாம். பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர், பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைகளின் போட்டிச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தி வைக்கச் சொல்லிக் கொடுக்கலாம். சான்றிதழ் தொலைந்துபோனதால் இடம் கிடைக்காமல் நின்றான் என்ற பேச்சு இனி எந்த ஊரிலும் எழக் கூடாது.

வடுகபட்டித் தாய்மார்கள் பூண்டுத் தாளைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த பணம் அது. அதை ஒரு கல்லூரிக்குக் கொடுக்கும்போது, அடியில் கையை விட்டுப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை உபயோகிக்கப் பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டும். பதில் சொல்லக் கல்லூரிகள் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்விரண்டும் நடக்குமானால், மைதானத்தில் முதலாவதாக ஓடுகிற நம் பிள்ளை வாழ்க்கையில் கடைசியாக நிற்க மாட்டான். வருகிற சேர்க்கைக் காலத்திலேனும் இது தொடங்கட்டும்.